நோமட் விசா எடுக்கணுமா, டூரிஸ்ட்டாகவே போய்விடலாமா?

வெயில்மழை:
ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முழுநேர ஊழியர் நான். வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். அடுத்த வருஷம் ஸ்பெயினில் இருந்துகொண்டு இதே வேலையைத் தொடர ஆசை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியே வேலை பார்த்தபடி ஒரு நாட்டில் தங்க அனுமதிக்கிற டிஜிட்டல் நோமட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால், கேட்கிற காகிதங்களைப் பார்த்ததுமே மலைப்பாக இருக்கிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர், "எதுக்கு இந்தத் தலைவலி? டூரிஸ்ட்டாகப் போ, லேப்டாப்பைத் திற, வேலையைப் பார். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், இந்த விசா உண்மையிலேயே தேவையா?

தனிவழி:
உங்கள் நண்பர் பக்கம்தான் நான். தனியாக வடிவமைப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். எந்த ஊரிலும் மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. காலம் மாறிவிட்டது என்று அரசுகளே ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. பார்வையாளராக வந்தவர் தன் வெளிநாட்டு வேலையை அங்கிருந்தே பார்க்கலாம் என்று பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் விதியிலேயே எழுதிவிட்டது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் அதே வழிக்கு வந்தது. கனடாவிலும் பார்வையாளராக இருந்தபடி வெளிநாட்டு முதலாளிக்கு ஆறு மாதம் வரை வேலை செய்யத் தடையில்லை.

நோமட் விசா என்பது பல நாடுகளுக்குக் காசு பார்க்கும் வழி. பார்படோஸ் 2020-இல் ஆரம்பித்த திட்டத்தில் தனி ஆளுக்கே 2,000 டாலர் கட்டணம். வருமானம் ஆண்டுக்கு 50,000 டாலராவது இருக்க வேண்டும். ஜப்பான் 2024-இல் கொண்டுவந்த விசாவுக்கு ஆண்டு வருமானம் ஒரு கோடி யென். கிடைப்பதோ ஆறு மாதம், நீட்டிப்பு கிடையாது. வசிப்பு அட்டையும் தருவதில்லை. அது இல்லாமல் அங்கே வங்கிக் கணக்கு திறப்பதே பெரும்பாடு. இதற்காகவா மாதக்கணக்கில் அலைய வேண்டும்?

கணக்கர்:
தனிவழி, பிரிட்டன் விதியில் பாதியை விட்டுவிட்டீர்கள். வருகையின் முக்கிய நோக்கம் அந்த வேலையாக இருக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. சுற்றிப் பார்க்க வந்தவர் நடுவில் அலுவலக வேலையைக் கவனித்தால் பரவாயில்லை. குடியிருந்து வேலை பார்க்க அந்த நுழைவு இல்லை. அப்புறம், வெயில்மழை கேட்டது ஸ்பெயினைப் பற்றி, அதுவும் ஒரு வருஷத்துக்கு. ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் சேர்ந்திருக்கும் ஷெங்கன் பகுதியில் குறுகிய கால வருகை என்றால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரைகளை வைத்து எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய முறையில் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. நாள் கணக்கைக் கணினியே வைத்துக்கொள்கிறது. 'யார் கேட்கப் போகிறார்கள்' என்ற தைரியத்துக்கு இனி இடமில்லை.

தனிவழி:
90 நாள் ஆனதும் ஷெங்கனுக்கு வெளியே போய் இருந்துவிட்டு வரலாமே. நிறையப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். யாரையும் விதி மீறச் சொல்லவில்லை. இருக்கிற விதிக்குள் நடமாடச் சொல்கிறேன்.

சங்கு:
நான் ஸ்பெயின் விசா வாங்கியவள். இங்கே இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். வெயில்மழை ஓர் ஊழியர். தனிவழி ஃப்ரீலான்சர். இரண்டு பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

என் விண்ணப்பம் முதலில் நின்றது வருமானத்தால் அல்ல, ஒரு கடிதத்தால். "இந்த ஊழியர் வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதிக்கப்படுகிறார்" என்று நான் வேலை பார்த்த நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. எங்கள் கண்ணுக்கு அது போதுமானதாகத்தான் தெரிந்தது. தூதரகம் திருப்பி அனுப்பிவிட்டது. வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்று அதில் இல்லையே! ஸ்பெயினிலிருந்து தொலைவேலை செய்ய நிறுவனம் சம்மதிக்கிறது என்று நாட்டின் பெயரோடு இருக்க வேண்டும். பதவி, சம்பளம், எப்போதிலிருந்து வேலையில் இருக்கிறீர்கள் என்பதெல்லாமும் வேண்டும். நிறுவனத்தோடு குறைந்தது மூன்று மாதத் தொடர்பு இருக்க வேண்டும், நிறுவனமும் ஒரு வருஷமாவது நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது விதி. திருத்திய கடிதம் சட்டப் பிரிவைச் சுற்றி என் கைக்கு வருவதற்குள் காவல்துறைச் சான்று பழசாகிவிட்டது. அதைப் புதிதாக வாங்கி, சான்று வெளிநாட்டில் செல்ல அரசு குத்தித் தரும் அப்போஸ்டில் முத்திரையை மறுபடி வாங்கி, ஸ்பெயின் அரசு ஏற்கும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கினேன். செலவும் இரண்டு முறை, காத்திருப்பும் இரண்டு முறை.

அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: எந்தக் காகிதத்தைத் தொடுவதற்கும் முன்னால் நிறுவனத்திடம் கேளுங்கள்.

தனிவழி:
சங்கு, நீங்கள் பட்ட பாடே என் பேச்சுக்குச் சாட்சி. இவ்வளவு அலைந்து என்ன கிடைத்தது?

சங்கு:
வாடகை ஒப்பந்தம் என் பெயரில். நகராட்சிப் பதிவு என் பெயரில். காய்ச்சல் என்றால் காப்பீட்டு அட்டையோடு நேராக மருத்துவரிடம் போகிறேன். 90 நாள் முடிகிறதே என்று பெட்டி கட்ட வேண்டியதில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து சட்டப்படி இருந்தால் நிரந்தர வசிப்புக்குக் கேட்கலாம். சுற்றுலா நாட்கள் அந்தக் கணக்கில் ஒன்றுக்குக்கூட உதவாது. இதெல்லாம் எனக்குச் சின்ன விஷயமில்லை.

கணக்கர்:
கடிதம் வந்துவிட்டால் ஊழியருக்கு அடுத்த முட்டுக்கட்டை சமூகப் பாதுகாப்பு, அதாவது ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்காக அரசுக்குக் கட்டும் சந்தா. ஃப்ரீலான்சராக இருந்தால் ஸ்பெயினில் சுயதொழில் செய்பவராகப் பதிந்து மாதச் சந்தா கட்டினால் வழி திறந்துவிடும். ஊழியருக்கு அப்படியில்லை. உங்கள் சந்தா சொந்த நாட்டிலேயே தொடர்கிறது என்று அந்நாட்டு அரசு சான்று தர வேண்டும். அதற்கு இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் உங்கள் நிறுவனமே ஸ்பெயினில் பதிவு செய்து உங்களுக்காகச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். ஒரே ஓர் ஊழியருக்காக அதைச் செய்ய எத்தனை நிறுவனங்கள் முன்வரும்? வருமான வரம்பு இதோடு ஒப்பிட்டால் எளிது. அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. 2025 கணக்கில் மாதம் சுமார் 2,763 யூரோ. துணையைக் கூட்டிப் போனால் அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தில் இன்னொரு 75 சதவீதம் காட்ட வேண்டும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் குழப்பிக்கொள்வது இங்கேதான். விசா என்பது தங்க அனுமதி. வரி தனி. ஸ்பெயினில் ஓர் ஆண்டில் 183 நாளுக்கு மேல் இருந்தால் நீங்கள் அங்கே வரி கட்ட வேண்டியவர். விசா வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் சிறப்பு முறையில் 6,00,000 யூரோ வரையிலான வேலை வருமானத்துக்கு 24 சதவீதம் என்று கட்டலாம். தேதி தவறினால் அந்தச் சலுகை போச்சு. குரோஷியா தன் நோமட் அனுமதியில் வருபவர்களின் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வருமான வரி கேட்பதில்லை. எஸ்டோனியா 2020 ஆகஸ்டிலேயே இந்த விசாவைக் கொண்டுவந்த நாடு. ஆனால் 183 நாளைத் தாண்டினால் அங்கே வரி உண்டு. பெயர் ஒன்றுதான், நாட்டுக்கு நாடு சரக்கு வேறு.

தனிவழி:
நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். வரி, சந்தா, கடிதம், மொழிபெயர்ப்பு என்று இத்தனை சுமையும் விசா எடுத்ததால்தானே வருகிறது? 90 நாளில் கிளம்புகிறவனுக்கு இதில் எதுவும் இல்லை.

கணக்கர்:
வரிச் சுமை நாட்களால் வருகிறது, விசாவால் இல்லை. விசா இல்லாமல் 200 நாள் இருந்தாலும் அதே கேள்வி வரும். கூடவே தங்கியதே தப்பு என்றும் ஆகும். இன்னொன்று, ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு நாட்டிலிருந்து வேலை பார்த்தால் நிறுவனத்துக்கும் சிக்கல். அங்கே உட்கார்ந்து நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தங்களை முடித்துக் கொடுப்பவராக இருந்தால், அந்த நிறுவனம் தங்கள் நாட்டிலேயே தொழில் நடத்துகிறது என்று அந்நாட்டு வரித்துறை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. உங்களுக்கு முதலாளி இல்லை, அதனால் இந்தப் பயம் இல்லை. வெயில்மழைக்கு வேலையே போகலாம்.

தனிவழி:
சரி, ஊழியர் நிறுவனத்துக்குத் தெரியாமல் போகக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நிறுவனம் சம்மதித்த பிறகும் விசாதான் வழி என்பதை ஏற்க மாட்டேன். மூன்று மாதம் போய் இருந்து பார்க்கட்டும். அந்த ஊரும் அந்த நேர வித்தியாசமும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வருஷ வாடகைக்குக் கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாடிவீடு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் லிஸ்பனில் வாடகைக்கு இருப்பவன், உள்ளூர்ச் சம்பளத்தில் வாழ்பவன். போர்ச்சுகல் 2022 அக்டோபரில் இந்த விசாவைத் தொடங்கியபோது வைத்த வரம்பு குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு. அதாவது இங்கே குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உழைக்கிற ஒருவரைப் போல நான்கு மடங்கு சம்பாதிப்பவர்தான் வரலாம் என்று அரசே சொல்லி, அவரை என்னோடு ஒரே வீட்டுக்குப் போட்டி போட அனுப்புகிறது. 2023 ஏப்ரல் 1 அன்று வீட்டு வாடகையை எதிர்த்து லிஸ்பனிலும் மற்ற ஊர்களிலும் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தோம். விசாவா, டூரிஸ்ட்டா என்று பேசுகிறவர்கள் வீட்டை இழப்பவர்களையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும்.

சங்கு:
நினைக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் குடும்பங்கள் இருந்த வீடுகளைச் சுற்றுலா வாடகைக்கு மாற்றுவதில்தான் அதிகப் பாதிப்பு என்பது என் எண்ணம். பார்சிலோனா நகரம் 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப் போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது அதனால்தான். மூன்று மாதத்துக்கு ஒரு ஊர் என்று மாறுகிறவர்கள் தங்குவது அந்த மாதிரி வீடுகளில். வருஷ ஒப்பந்தத்தில் இருந்து, வரி கட்டி, மொழி கற்றுக்கொள்பவர் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை.

மாடிவீடு:
வருஷ ஒப்பந்தம் என்றாலும் அவர் கொடுக்கிற வாடகைதான் அடுத்த வீட்டுக்கும் விலையாகிறது. என் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பக்கத்து வீட்டு வாடகையைத்தான் காட்டினார். நான் விசாவை ஒழிக்கச் சொல்லவில்லை. வருகிறவர்கள் கேட்ட விலையைக் கொடுக்காமல் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பேரம் பேசுங்கள் என்கிறேன்.

கணக்கர்:
மாடிவீடு சொன்னது நியாயம். வெயில்மழை, தனிவழியின் மூன்று மாத யோசனையிலும் ஒரு நன்மை இருக்கிறது. ஸ்பெயினில் சட்டப்படி பார்வையாளராக இருக்கும்போதே உள்ளிருந்து விண்ணப்பிக்கலாம். தூதரகம் வழியாக வாங்கினால் ஒரு வருஷம்; உள்ளே விண்ணப்பித்தால் மூன்று வருஷம் வரை அனுமதி. முடிவெடுக்க 20 வேலை நாள்தான் கெடு. ஆனால் காவல்துறைச் சான்று, பட்டச் சான்று அல்லது மூன்று வருஷ அனுபவத்துக்கான அத்தாட்சி, நிறுவனக் கடிதம் எல்லாம் அப்போஸ்டில் முத்திரையோடு பெட்டியில் இருக்கும்போது விமானம் ஏறுங்கள். அங்கே போன பிறகு அவற்றை வரவழைப்பதற்குள் 90 நாள் ஓடிவிடும்.

தனிவழி:
இந்த வழி இருப்பது எனக்குப் புதுச் செய்தி. இதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் விண்ணப்பிக்கப் போவதில்லை. ஓரிடத்தில் வேர்விட எனக்கு ஆசையில்லை.

வெயில்மழை:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். ஸ்பெயின் என்று நாட்டின் பெயரைச் சொல்லி, சமூகப் பாதுகாப்புச் சான்று கிடைக்குமா, கிடைக்காவிட்டால் நிறுவனம் அங்கே பதிவு செய்யுமா என்று நேராகக் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் இல்லை என்று வந்தால் குரோஷியாவைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அங்கே வரியும் இல்லையே?

கணக்கர்:
அங்கே வரியில்லை என்றாலும் உங்கள் சொந்த நாடு கேட்குமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். குரோஷியா வருமான வரம்பும் ஸ்பெயினைவிடக் கூடுதல்; 2025-இல் மாதம் 3,295 யூரோ. அனுமதி 18 மாதம் வரை உண்டு, ஆனால் அது முடிந்ததும் ஆறு மாதம் கழித்துத்தான் புதிதாகக் கேட்க முடியும். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால், அனுமதி கிடைக்கும் முன் அங்கே பார்வையாளராகக் கழிக்கும் நாட்களும் உங்கள் 90-இல்தான் கழியும். நிறுவனத்தின் பதில் வந்ததும் இங்கேயே போடுங்கள், கடிதத்தின் வாசகத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.