எஸ்2000: தினமும் ஓட்டவா, மூடியே வைக்கவா?

என்னிடம் இருப்பது 2002 மாடல் ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார், 68,000 கி.மீ. ஓடியது. மதிப்புக் குறையக் கூடாதென்று 14 மாதமாக உறை போட்டு ஷெட்டிலேயே நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான். பேட்டரி அடிக்கடி இறங்கியது, பிரேக் டிஸ்க்கில் துரு, டயர் ஒரு பக்கம் தட்டையாகி ஸ்டியரிங் அதிர்கிறது.

சார்ஜர் மாட்டியதில் பேட்டரி மட்டும் சரியானது. டயரில் காற்றைக் கூட்டியும் அதிர்வு போகவில்லை. வாரம் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டேன். அது இன்னும் மோசம். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளிர்மஞ்சள் நுரை. முழுச் சூடேறாமல் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது.

9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) தொடும் எஞ்சினைத் தூங்க வைப்பது பாவம்தான். ஆனால் வேலைக்கு எடுத்தால் தினமும் 30 கி.மீ. நெரிசல், கிளட்ச் என்னாவது?

இந்த வண்டியைத் தினமும் ஓட்டலாமா, வாரம் ஒரு நீண்ட ஓட்டம் போதுமா?