கோடிங் தெரியாம லிப்ரே ஆபீஸ் டெஸ்டிங் பண்ண முடியுமா? எங்க ஆரம்பிக்கிறது?

நெல்லை_கணக்கு:
வணக்கம் மக்களே, நான் பி.காம், ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, கோடிங் சுத்தமா தெரியாது. நாலஞ்சு வருஷமா லிப்ரே ஆபீஸ்தான் (எம்எஸ் ஆபீஸ் மாதிரி, ஆனா இலவசம்) யூஸ் பண்றேன், காசு குடுக்காமயே ஓட்டிக்கிட்டு இருக்கோமே பதிலுக்கு ஏதாச்சும் செய்வோம்னு தோணுச்சு, டெஸ்டிங்குக்கு ஆள் வேணும்னு போட்டிருந்தாங்க, ஆனா அவங்க பக்ஸில்லாக்குள்ள (பக், அதாவது சாஃப்ட்வேர் கோளாறுகள ரிப்போர்ட் பண்ற சைட்டு) போய் பாத்தா தலை சுத்துது, அவ்ளோ கெடக்கு. விண்டோஸ் லேப்டாப், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் ஒதுக்கலாம். புதுசா பக் கண்டுபிடிச்சாத்தான் கணக்கா? ஆபீஸ் வேலை கெடாம டெஸ்ட் வெர்ஷன் போட முடியுமா?

பழைய_பென்குயின்:
புது பக் தேடி அலையாதீங்க, புதுசா வர்ற எல்லாரும் மாட்டுறது அங்கதான். மத்தவங்க போட்டு "அன்கன்ஃபர்ம்டு"னு தூங்கிட்டு இருக்க ரிப்போர்ட் ஒண்ண எடுங்க, அதுல எழுதியிருக்க ஸ்டெப்ப அப்படியே உங்க மெஷின்ல செஞ்சு பாருங்க, உங்களுக்கும் வந்தா ஸ்டேட்டஸ "நியூ"ன்னு மாத்துங்க. ரிப்போர்ட் போட்டவரே அத மாத்திக்கக் கூடாது, வேற ஒரு ஆள் கண்ணால பாத்திருக்கணும், அதனாலதான் எப்பவும் ஆள் பத்தல. ஸ்டெப் புரியலையா, என்ன வேணும்னு கேட்டுட்டு "நீட்இன்ஃபோ"ல தள்ளிடுங்க.

வேலை கெடாது. டெய்லி பில்டு (தினமும் புதுசா செஞ்சு விடுற டெஸ்ட் வெர்ஷன்), ஆல்ஃபா, பீட்டா (ரிலீஸுக்கு முன்ன விடுற டெஸ்ட் வெர்ஷன்) எல்லாம் "லிப்ரே ஆபீஸ் டெவ்"னு தனியா உக்காந்துக்கும், ப்ரொஃபைலும் (உங்க செட்டிங்ஸ் எல்லாம் இருக்க ஃபோல்டர்) தனி. ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட், ரிலீஸுக்கு முன்ன கடைசியா விடுறது) மட்டும் உஷாரு, அது ஒரிஜினல் மேலயே ஏறிடும். வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ், பிப்ரவரியும் ஆகஸ்டும் (24.2, 24.8ன்னு நம்பரே வருஷம் மாசம்தான்), அதுக்கு முன்ன பீட்டா வர்ற நேரத்துல உக்காந்தா உங்க ரெண்டு மணி நேரத்துக்கு மதிப்பு ஜாஸ்தி.

கீபோர்ட்_செல்வி:
பென்குயின் அண்ணா சொன்னது சரி, ஆனா தமிழ விட்டுட்டாரு. தமிழ் எழுத்து உடையுதா இல்லையான்னு ஜெர்மனில இருக்க டெவலப்பருக்கு பாத்தா எப்படி தெரியும், அவருக்கு ரெண்டும் கோலம் மாதிரிதான் இருக்கும். இத பண்ணிப் பாருங்க: "கொ"வுல வர்ற ஒகரக் குறிய ஒரே குறியா அடிங்க, அடுத்த வரில ஒத்தைக்கொம்பு தனியா கால் தனியா போட்டு அடிங்க. திரையில ரெண்டும் ஒண்ணுதான், உள்ள இருக்க யூனிகோடு வேற. இப்ப ஒண்ண தேடுனா இன்னொண்ணு மாட்டுதா? பாராவோட மொத எழுத்த பெரிசாக்குற ட்ராப் கேப்ல "ஸ்ரீ" முழுசா பெரிசாகுதா? பிடிஎஃப் எடுத்து அதுலருந்து காப்பி பண்ணி ஒட்டுனா கொம்பு இடம் மாறுதா? ஃபான்ட் பேர கட்டாயம் எழுதுங்க, லதால ஒரு மாதிரி நோட்டோல ஒரு மாதிரி இருக்கலாம்.

சும்மா_இருக்கேன்:
சம்பளம் இல்லாம எதுக்குங்க இதெல்லாம், அந்த நேரத்துக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணா காசாவது வரும் 😀

திண்டுக்கல்_டெஸ்டர்:
சும்மா இருக்கவர் சும்மாவே இருக்கட்டும். நான் பண்ண கூத்த சொல்றேன், மொத ரிப்போர்ட்லயே "தமிழ் சரியா வரல, உடனே சரி பண்ணுங்க"ன்னு ஒரே வரி, ஒரு ஸ்க்ரீன்ஷாட், அவ்ளோதான். ஒருத்தர் ரொம்ப பொறுமையா வெர்ஷன் என்ன, ஃபைல் இருக்கா, சேஃப் மோடுல (உங்க செட்டிங்ஸ் இல்லாம தொறக்குறது) வருதான்னு கேட்டாரு. சேஃப் மோடுல தொறந்தா எல்லாம் ஒழுங்கா இருக்கு, பாத்தா என் பழைய ப்ரொஃபைல்ல நானே எப்பவோ போட்டு வெச்ச ஃபான்ட் மாத்து டேபிள் வேலைய காட்டியிருக்கு. மானம் போச்சு. அதுலருந்து ஹெல்ப் மெனுல மொதல்ல சேஃப் மோடு, அப்பறம்தான் ரிப்போர்ட்.

முக்கியமா கணக்கு சார், அட்டாச் பண்ற ஃபைல யார் வேணா பாக்கலாம், கிளையண்ட் பேலன்ஸ் ஷீட்ட ஏத்திடாதீங்க, வெத்து ஷீட்ல அதே பார்முலாவ பொய் நம்பர் போட்டு செஞ்சு குடுங்க.

நெல்லை_கணக்கு:
எல்லாருக்கும் நன்றி. டெவ் போட்டாச்சு, ஐகான் தனியா வந்துருச்சு. கால்க்ல (லிப்ரே ஆபீஸோட எக்செல் மாதிரி) ஒரு பழைய அன்கன்ஃபர்ம்டு எடுத்தேன், 7.3ல வந்துச்சுன்னு போட்டிருக்காங்க, எனக்கு இன்னைக்கு பில்டுலயும் அப்படியே வருது. வெர்ஷன் கட்டத்துல இப்ப உள்ள நம்பர மாத்திடவா?

பழைய_பென்குயின்:
ஐயையோ மாத்தாதீங்க! அந்தக் கட்டத்துல எந்த வெர்ஷன்ல மொத மொதல்ல ஆரம்பிச்சுதோ அதுதான் இருக்கணும். உங்களோடத கமெண்ட்ல போடுங்க, ஹெல்ப்ல அபவுட் தொறந்தா காப்பி பட்டன் இருக்கு, அத அப்படியே ஒட்டிட்டு "இதுலயும் வருது"ன்னு ஒரு வரி. முடிஞ்சா பழைய வெர்ஷன் காப்பகத்துலருந்து 7.2 எறக்கிப் பாருங்க, அதுல வரலைன்னா நடுவுல யாரோ மாத்துனதுலதான் உடைஞ்சிருக்கு, "ரெக்ரஷன்"னு கீவேர்ட் போட்டு விடுங்க, எந்த மாத்தம்னு தேடிப் புடிக்க தனியா ஆளுங்க இருக்காங்க.

நெல்லை_கணக்கு:
7.2 எறங்கிட்டு இருக்கு, எங்க ஊரு நெட்டுக்கு நைட்டு ஆயிடும் போல.