மூச்சுக்குழாய்க் காயம்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அன்பு உறவுகளே, குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் தம்பி, விடியற்காலை இருட்டில் பைக்கில் போனபோது சாலைக்குக் குறுக்கே விறைத்து நின்ற மாட்டுக் கயிற்றில் கழுத்து மாட்டி விழுந்துவிட்டான். வெளியே ஒரு சிவந்த கோடு மட்டும்தான். முதலில் பார்த்த இடத்தில் வலிக்குத் தைலம் தந்து அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் குரல் கம்மியது, கழுத்து உப்பியது. தொட்டால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் நறநறத்தது. கிழிந்த மூச்சுக்குழாயிலிருந்து காற்று கசிவதன் அடையாளமாம் அது. எங்களுக்கு எப்படித் தெரியும்!

நாகர்கோவிலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்ததில் குரல்வளைக்குக் கீழே கிழிசல். அன்றே தைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள்.

இப்போது ஆறு வாரம். மாடிப்படி ஏறினால் மூச்சில் விசில்போல் சத்தம். தழும்பு இறுகிக் குழாய் சுருங்குகிறதாம். பலூன் வைத்து விரிக்கலாம், மறுபடி சுருங்கினால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அதற்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டுமாம்.

திருவனந்தபுரமா, மதுரையா? இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் படுக்கை? குரல் திரும்ப வந்ததா? கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டு பாடுகிறவன் அவன். இந்தக் கடைசிக் கேள்வியை மருத்துவரிடம் கேட்க வீட்டில் யாருக்கும் துணிவில்லை.