ஜேசன் நியூஸ்டெட்: ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தில் பேஸை எங்கே தேடுவது? எப்படி வாசிப்பது?

நாலுகம்பி

மெட்டாலிக்கா என்ற ஹெவி மெட்டல் குழுவில் பேஸ் கிடார் என்றால் எல்லோரும் முன்பு வாசித்த கிளிஃப் பர்ட்டன் பெயரைத்தான் சொல்வார்கள். அது நியாயம்தான். ஆனால் 1986 அக்டோபரிலிருந்து 2001 ஜனவரி வரை அந்த இடத்தில் நின்ற ஜேசன் நியூஸ்டெட்டைப் பற்றிய பேச்சு, ‘1988 ஆல்பத்தில் பேஸே கேட்காது’ என்ற ஒரு வரியோடு முடிந்துபோகிறது. இப்போது அவரை மட்டும் குறிவைத்துப் பழைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்கிறேன். மூன்று சந்தேகம்.

1. ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் உண்மையிலேயே இருக்கிறதா? ஈக்யூவில் (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பு) 60 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றினால் காலால் அடிக்கும் கிக் ட்ரம்தான் வீங்குகிறது.
2. அவர் வாசிப்பு தெளிவாகக் கிடைக்கும் பதிவுகள் எவை? எதில் தொடங்கலாம்?
3. அந்த ஆல்பத்தின் ‘பிளாக்கன்ட்’ பாட்டை வாசிக்க ஆசை. கையில் இருப்பது சாதாரண நாலு கம்பி பேஸ், பாஸிவ் பிக்கப், 45–105 கம்பி செட் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப். விரலால் வாசித்துப் பழக்கம், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) புதிது.

ஒலித்தடம்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பேஸ் இருக்கிறது. அது தனியாகக் கேட்காததற்குக் காரணம் சத்தம் குறைவு மட்டும் இல்லை.

பேஸின் கீழ் ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். அதன் மேலொலிகள் 82.4, 123.6, 164.8 என்று ஏறும். கிடாரின் கீழ் ஈ கம்பி 82.4. அதாவது பேஸின் முதல் மேலொலி நிற்கும் இடத்தில்தான் கிடாரின் அடிப்படைச் சுரமே தொடங்குகிறது. மிச்சம் இருக்கும் 123.6 பேஸுக்குச் சொந்தமாக இருக்கும் என்று பார்த்தால், கிடார் வாசிப்பது பவர் கார்டு: ஈ-யோடு அதன் பஞ்சமமான பி-யும் சேரும். அந்த பி 123.5 ஹெர்ட்ஸ். அந்த இடமும் போயிற்று. கடைசியாக அந்த 41.2 ஹெர்ட்ஸாவது மிஞ்சுமா? ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வழியாகப் போகும் இரண்டு சுரங்களிலிருந்து அவற்றின் வித்தியாச ஒலியும் பிறக்கும். 123.5-இல் 82.4 போனால் 41.1. பேஸ் கொடுக்க வேண்டிய அடிச்சுரத்தை டிஸ்டார்ஷன் கிடாரே கொஞ்சம் உண்டாக்கிவிடுகிறது!

ஆக, கிடார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிடார் மெட்டு) நியூஸ்டெட் அதே சுரம், அதே தாளம், அதே பிக் வீச்சில் இரட்டிப்பாக வாசிக்கும்போது அவர் ஒலியில் எந்தப் பகுதியும் தனித்து நிற்பதில்லை. இத்தனைக்கும் மேல்தான் மிக்ஸில், அதாவது தடங்களைக் கலக்கும்போது, குறைத்தார்கள். மிக்ஸ் செய்தவர்கள் ஸ்டீவ் தாம்ப்சனும் மைக்கேல் பார்பியரோவும். ட்ரம்மர் லார்ஸ் உல்ரிச் கேட்டபடி குறைத்ததாகத் தாம்ப்சன் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நியூஸ்டெட் தன் பகுதியைப் பதிந்தபோது கூட இருந்தது உதவிப் பொறியாளர் மட்டும்தான். ‘கிடாரோடு ஒட்டாமல் வேறு மாதிரி வாசித்துப் பார்’ என்று சொல்ல அங்கே ஆளில்லை. குறையை வாசித்தவர் தலையில் கட்டுவது தவறு என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இனி, கேட்கும் வழி. முதலில் மோனோவுக்கு மாற்றுங்கள். ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ இருக்கும். ரிதம் கிடார்கள் இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக வாசித்துப் பதிந்தவை. பேஸ், கிக், குரல் எல்லாம் நடுவில். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் நடுவில் உள்ளவை ஓரத்தில் உள்ளவற்றைவிட ஏறத்தாழ 3 டெசிபல் முன்னே வரும். காசில்லாமல் கிடைக்கிற 3 டெசிபல் இது.

அதற்குப் பிறகு ஈக்யூ: 50 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றம், 110-இல் 4 டெசிபல் இறக்கம், 3–4 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கம். நடுவில் உள்ள அந்த இறக்கம்தான் முக்கியம். உள்ளங்கையால் அடக்கி வாசிக்கும் கிடாரின் ‘தும்’ அந்த வட்டாரத்தில் குவிகிறது. கடைசி இறக்கம் கிக் ட்ரம்மின் ‘டிக்’ ஒலிக்கு. மொத்த அளவை 5 டெசிபல் குறைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒலி எல்லை மீறிக் கிளிப் ஆகும். நீங்கள் 60-இல் மட்டும் ஏற்றியதால் கிக்கின் உடம்புதான் பெருத்தது.

பிறகு, கிடார் பவர் கார்டு வாசிக்காத இடங்களைத் தேடுங்கள். ‘ஒன்’ பாட்டின் தொடக்கத்தில் கிடார் சுத்தமாக ஒலிக்கும் பகுதி, ‘டு லிவ் இஸ் டு டை’ நடுவில் வரும் அமைதியான பகுதி. மேலே சொன்ன மறைப்பு அங்கே விலகிவிடுகிறது.

2018-இல் வந்த ரீமாஸ்டரில் பேஸ் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாஸ்டரிங் என்பது ஏற்கெனவே கலந்து முடித்த இரண்டு தடங்களின் மேல் நடக்கிற வேலை. மிக்ஸை அவர்கள் தொடவில்லை.

பின்வரிசை

இரண்டாவது கேள்விக்கு என் வரிசை. ஆண்டுக் கணக்குப்படி போகாதீர்கள்.

முதலில் சியாட்டில், 1989 ஆகஸ்ட் மேடைப் பதிவு. 1993-இல் வந்த ‘லைவ் ஷிட்: பிஞ்ச் அண்ட் பர்ஜ்’ தொகுப்பில் காணொளியாக இருக்கிறது. ‘பிளாக்கன்ட்’, ‘ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ’, ‘ஒன்’, ஆல்பத்தின் தலைப்புப் பாடல் எல்லாம் அதில் உண்டு. ஸ்டுடியோவில் புதைந்த அதே பாட்டுகளை அதே மனிதர், ஆல்பம் வந்து ஒரே வருஷத்தில் வாசிக்கிறார். பேஸ் கேட்கிறது, கையும் தெரிகிறது. அவர் வலது கையைப் பாருங்கள். முழங்கையிலிருந்து வரும் வீச்சு அது. மணிக்கட்டு மட்டும் ஆடுவதில்லை.

அடுத்தது 1987-இன் ‘கராஜ் டேஸ் ரீ-ரீவிசிட்டட்’. ஐந்தே தடங்கள், எல்லாம் பிறர் பாட்டுகள், அவசரமாகப் பதிந்தது. ‘க்ராஷ் கோர்ஸ் இன் பிரெயின் சர்ஜரி’ பேஸோடுதான் திறக்கிறது. இந்தப் பதிவைக் கேட்டவர்களுக்கு ‘ஜஸ்டிஸ்’ மிக்ஸ் ஏன் அத்தனை வருத்தம் தருகிறது என்று விளக்கவே வேண்டாம். ஒரு வருஷம் முன்பு வரை குழுவின் ஒலி இப்படித்தான் இருந்தது. 1998-இன் ‘கராஜ் இங்க்.’ இரண்டாவது தட்டில் இதுவும் சேர்ந்து கிடைக்கும்.

மூன்றாவது 1991-இன் கறுப்பு ஆல்பம். தயாரிப்பாளர் பாப் ராக் வந்ததும் பேஸ் கிடாரை விட்டு விலகி ட்ரம்ஸோடு சேர்ந்து நிற்கத் தொடங்கியது. ‘தி காட் தட் ஃபெயில்ட்’ திறப்பைக் கேளுங்கள். அதற்குப் பிறகு ‘மை ஃப்ரெண்ட் ஆஃப் மிசரி’. தனிப் பேஸில் தொடங்கும் அந்த மெட்டு நியூஸ்டெட் கொண்டுவந்தது. முதலில் வாத்திய இசையாகவே இருக்க வேண்டியது. பாட்டெழுத்தில் அவர் பெயர் வருவது மெட்டாலிக்காவில் மொத்தமே மூன்று பாடல்களில்: ‘பிளாக்கன்ட்’, இது, 1997-இன் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’. பதினான்கு வருஷத்துக்கு மூன்று!

நேரம் இருந்தால் பின்னால் போய் ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் குழுவின் ‘டூம்ஸ்டே ஃபார் தி டிசீவர்’, 1986. மெட்டாலிக்காவுக்கு வருவதற்கு முன் அவர் இருந்த குழு. பேஸ் ஒளிந்துகொள்ளாமல் முன்னால் நிற்கும்.

ஒலித்தடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2009-இல் வந்த ‘கிடார் ஹீரோ: மெட்டாலிக்கா’ வீடியோ விளையாட்டுக்காகச் சில பாடல்கள் தனித்தனித் தடங்களாகப் போயின. ‘ஒன்’ அதில் ஒன்று. இணையத்தில் பேஸ் ஏற்றிய ‘ஜஸ்டிஸ்’ வடிவங்கள் சுற்றுவதற்கு அந்தத் தடங்கள் ஒரு முக்கியக் காரணம். அவை அதிகாரபூர்வ வெளியீடுகள் அல்ல. வேறு சிலவற்றில் ரசிகர்களே புதிதாகப் பேஸ் வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். கேட்கும் முன் விவரத்தைப் படித்துவிடுங்கள், இல்லையென்றால் வேறு யாரோ ஒருவரின் வாசிப்பை நியூஸ்டெட் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

வலதுகை

மூன்றாவது கேள்வி. ‘பிளாக்கன்ட்’டில் தொடங்காதீர்கள். வேகம் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 190 அடி. ஒரு அடிக்கு இரண்டு சுரம் என்றால் நிமிடத்துக்கு 380 வீச்சு, நொடிக்கு ஆறுக்கும் மேல். பிக் புதிதாகப் பிடிக்கும் கை இதில் இறுகிப்போகும், முன்கை வலிக்கும். ‘ஹார்வெஸ்டர்’ மெதுவான பாட்டு, அதே மாதிரி கனமான வீச்சு. முதலில் அதை முழுசாகக் கைக்குக் கொண்டுவாருங்கள்.

பிக் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 0.7 என்றால் தடித்த கம்பியில் வளைந்து, சுரம் ஒரு நூல் தாமதமாக விழும். நுனி 4–5 மில்லிமீட்டர் மட்டும் விரலுக்கு வெளியே தெரிய வேண்டும். கம்பிக்கு நேராகப் படுக்க வைத்தால் மாட்டும், அதிகமாகச் சாய்த்தால் ‘கர்’ என்று உரசும். 20–30 டிகிரி சாய்வு போதும். உள்ளங்கை ஓரம், கம்பிகள் தங்கும் பிரிட்ஜ் மேல் லேசாக இருக்கட்டும். அது அரை சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தாலே சுரம் செத்துவிடும்.

பயிற்சி: மெட்ரோனோம் 110, கீழ் ஈ கம்பி, எல்லாம் கீழ்வீச்சு, இரண்டு நிமிடம். சீராக வந்தால் 4 ஏற்றுங்கள். வலி வந்தால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். இரட்டிப்பு வேகச் சுரங்கள் வரும் இடத்தில் மட்டும் மேல்-கீழ் வீச்சு.

‘பிளாக்கன்ட்’டில் பலர் தடுமாறுவது வேகத்தால் இல்லை, கணக்கால். ரிஃப் 4-இல் நிற்காது, 7 அடி ஆவர்த்தனம் வரும். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்கள் அதை மிஸ்ர நடையாகப் பிடித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு அடியும் முழு அடி, அடிகளின் எண்ணிக்கைதான் 7. பேஸைக் கீழே வைத்துவிட்டு, பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, தொடையில் தட்டி எண்ணுங்கள்.

செட்டப்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ கம்பியின் உயரம் 2.2 மில்லிமீட்டர் அளவில். விரலுக்கென்று 1.6-இல் வைத்திருந்தால் பிக் வீச்சுக்கு எல்லாச் சுரமும் ஃப்ரெட்டில் அடிக்கும். கொஞ்சம் ‘க்ளாங்க்’ வேண்டும்தான், ஆனால் சுரமே தெரியாமல் போகக்கூடாது.

சத்தம்: பேஸை இரண்டு தடமாகப் பிரியுங்கள். ஒன்று சுத்தம், 200 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, கம்ப்ரெஸர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) 4:1, அட்டாக் 25 மில்லிசெகண்ட். மற்றது டிஸ்டார்ஷன்; அதற்கு முன்னாலேயே 300-க்குக் கீழ் வெட்டிவிடுங்கள். ஒரே தடத்தில் டிஸ்டார்ஷன் போட்டால் கீழ்ச்சுரம் நசுங்கிக் கொசு மாதிரி ஆகிவிடும், காரணம் தெரியாமல் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள். கிடாரோடு கலக்கும்போது கிடாரை 90-க்குக் கீழ் வெட்டி, பேஸில் 700–800 வட்டாரத்தை 3 டெசிபல் ஏற்றினால், 1988-இல் அவருக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைக்கும்.

நாலுகம்பி

மோனோவும் 110 இறக்கமும் நன்றாக வேலை செய்கிறது. ‘ஹார்வெஸ்டர்’ ரிஃபில் பேஸ் எங்கே விடுகிறது என்று இப்போது பிடிபடுகிறது. நன்றி. இன்னும் மூன்று:

டெமக்ஸ் (பாட்டைத் தனித் தடங்களாகப் பிரிக்கும் மென்பொருள்) போட்டு ‘பிளாக்கன்ட்’டைப் பிரித்தேன். பேஸ் தடத்தில் கிடாரின் ‘தும்’ நிறைய ஒட்டியிருக்கிறது. இது சரிதானா?

இரண்டு தடம் செய்ததும் ஒலி தடிப்பதற்குப் பதில் மெலிகிறது.

கறுப்பு ஆல்பத்தின் ‘சேட் பட் ட்ரூ’ வாசிக்க கம்பியை டி-க்கு இறக்கினேன். தொளதொள என்று இருக்கிறது.

ஒலித்தடம்

டெமக்ஸ் செய்வது ஊகம்தான். மேலே சொன்ன காரணத்தாலேயே அதுவும் குழம்பும். 82-இல் உள்ளது கிடாரா பேஸா என்று அதற்கும் தெரியாது. எம்பி3 கொடுத்திருந்தால் சிடியிலிருந்து எடுத்த கோப்பைக் கொடுங்கள். கிடாரையும் தனித் தடமாக எடுக்கும் ஆறு தட மாடலும் டெமக்ஸில் இருக்கிறது, அதையும் ஓட்டிப் பாருங்கள். அதில் பியானோ தடம் மோசமாக வரும், இங்கே அது தேவையில்லை. ஆனால் அந்தப் பேஸ் தடத்தை வைத்துச் சுரம் எழுதாதீர்கள். சியாட்டில் காணொளியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

ஒலி மெலிவது, அலைகள் ஒன்றோடொன்று பொருந்தாத ஃபேஸ் தகராறு. டிஸ்டார்ஷன் ப்ளகினின் தாமதம் சில மில்லிசெகண்ட் இருந்தாலே இரண்டு தடமும் ஒன்றையொன்று தின்னும். ஒற்றைச் சுரம் ஒன்றைப் பதிந்து, இரண்டு தடத்தின் அலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் மேடு ஒரே இடத்தில் வரும்படி நகர்த்துங்கள். அப்படியும் மெலிவாக இருந்தால் ஒரு தடத்தின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேளுங்கள். தடித்து ஒலிப்பது எதுவோ அதுதான் சரி.

வலதுகை

‘சேட் பட் ட்ரூ’ முழு சுரம் கீழே. ஈ கம்பி 36.7 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 105 கம்பி அதற்குத் தளரும். பிக்கால் அடித்தால் தொடக்கத்தில் சுரம் மேலேறி, பிறகு இறங்கி நிலைக்கும், டியூனரிலேயே அது தெரியும். 110 அல்லது 115-இல் தொடங்கும் செட் மாற்றுங்கள். தடித்த கம்பிக்கு நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தங்கும் துண்டு) பள்ளம் போதாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறும்; பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. கம்பி மாற்றியதும், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

ஐந்து கம்பி பேஸ் கிடைத்தால் இத்தனையும் வேண்டாம். அதே டி, பி கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கிறது.