லேப்டாப் தானாக அப்டேட் ஆகிறது, டேட்டா காலி. நிறுத்துவது எப்படி? அவசரம்

சாரல் | செவ்வாய், காலை 8:52
வணக்கம். லேப்டாப் தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டே இருக்கிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்துவிடுகிறது. எனக்குப் பத்து மணிக்கு ஆன்லைன் டியூஷன். நேற்று பாடம் நடத்தும்போதே ரீஸ்டார்ட் வேறு, பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள். இதை மொத்தமாக நிறுத்த வேண்டும். அப்புறம் நாம் டைப் செய்வதெல்லாம் வெளியே போகிறதாம், தங்கை சொன்னாள், அதையும் நிறுத்த வேண்டும். யூடியூபில் சொன்ன மீட்டர்டு கனெக்ஷன் (இந்த இணைப்பில் டேட்டாவுக்கு அளவு உண்டு என்று விண்டோஸுக்குச் சொல்வது) எல்லாம் போட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

மதுரை வேலு | காலை 8:58
என்ன விண்டோஸ்? 10ஆ 11ஆ? ஹோமா புரோவா? எதுவுமே சொல்லவில்லையே.

பெங்குயின் பாண்டி | காலை 9:01
விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள். பிரச்சினை முடிந்தது.

பழம்பெட்டி | காலை 9:04
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அழகுக்கு அல்ல.

மதுரை வேலு | காலை 9:06
எந்த விண்டோஸாக இருந்தாலும் வழி ஒன்றுதான். சர்வீசஸ் திறந்து அதில் விண்டோஸ் அப்டேட் என்பதை டிசேபிள் செய்துவிடுங்கள். என் கடைக்கு வரும் எல்லா லேப்டாப்புக்கும் இதைத்தான் செய்து கொடுக்கிறேன். கதை முடிந்தது.

கணியன் | காலை 9:15
வேலு சார், முடியாது. விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அப்டேட் சர்வீஸை யாராவது அணைத்தால் திரும்ப எழுப்பிவிடுவதுதான் அதன் வேலையே. கொஞ்ச நாள் நின்ற மாதிரி இருக்கும், அப்புறம் சேர்த்துவைத்து மொத்தமாக இறக்கும். தவிர, மொத்தமாக நிறுத்துவதும் நல்லதில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

மதுரை வேலு | காலை 9:19
நான் அணைத்துக் கொடுத்தவர்கள் யாரும் புகார் சொல்லித் திரும்பி வந்ததில்லை சார்.

பழம்பெட்டி | காலை 9:20
திரும்பி வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

சாரல் | காலை 9:31
விண்டோஸ் 11. ஹோமா என்று எங்கே பார்ப்பது?

கணியன் | காலை 9:34
விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அதில் வருவதை அப்படியே இங்கே எழுதுங்கள். லேப்டாப்பில் எவ்வளவு ரேம் என்றும் சொல்லுங்கள்.

சிவகாசி ராக்கெட் | காலை 9:40
சிம்பிள். விண்டோஸ் விதிகளை மாற்றும் ஜிபிஎடிட்டைத் திறந்து கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று போய் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸை டிசேபிள் செய்யுங்கள். ஆபீஸில் நாங்கள் அப்படித்தான்.

சாரல் | காலை 9:44
விண்டோஸ் 11 ஹோம், வெர்ஷன் 23எச்2. ரேம் 8 ஜிபி. வகுப்புக்கு நேரமாகிறது, பிறகு வருகிறேன்.

பழம்பெட்டி | காலை 9:46
ராக்கெட், ஹோம் பதிப்பில் ஜிபிஎடிட்டே கிடையாது. அது புரோவிலிருந்துதான்.

கணியன் | காலை 9:58
23எச்2 என்றால் இப்போது ஏன் இவ்வளவு இறங்குகிறது என்பது புரிகிறது. ஹோம், புரோ இரண்டுக்குமே 23எச்2இன் ஆதரவு 2025 நவம்பர் 11உடன் முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்த பதிப்பில் இருக்கும் ஹோம் கணினிகளை விண்டோஸ் தானாகவே அடுத்த பதிப்புக்கு ஏற்றப் பார்க்கும். அது மாதாந்திர அப்டேட் மாதிரி சின்னது அல்ல, முழு பதிப்பே இறங்க வேண்டும், சில ஜிபி. தினசரி டேட்டா பாதியில் தீர்ந்தால் நிற்கும், மறுநாள் தொடரும். நீங்கள் தினமும் காலையில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.

வகுப்பு முடிந்து வந்ததும் இவற்றைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போனால் பாஸ் அப்டேட்ஸ் இருக்கும். ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். ஐந்து வாரம் முடிந்ததும் ஒரு முறை அப்டேட் போட்டால்தான் மறுபடி நிறுத்த விடும். அதே பக்கத்தில் அப்டேட் வந்த உடனே வேண்டும் என்று கேட்கும் சுவிட்ச் ஒன்று உண்டு, அது ஆஃபில் இருக்கட்டும். பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போய் மூன்று இடம் பார்க்க வேண்டும். மீட்டர்டு இணைப்பிலும் அப்டேட் இறக்கு என்ற சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா? அது ஆனில் இருந்தால் நீங்கள் மீட்டர்டு போட்டதற்கு அர்த்தமே இல்லை. ஆக்டிவ் அவர்ஸில் உங்கள் வகுப்பு நேரத்தைக் கொடுங்கள், அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மூன்றாவது டெலிவரி ஆப்டிமைசேஷன். மற்ற கணினிகளுக்கு உங்கள் லேப்டாப்பிலிருந்து அப்டேட்டை அனுப்பும் வேலை அது. அணைத்துவிடுங்கள். அதிலேயே ஆக்டிவிட்டி மானிட்டர் இருக்கும், இந்த மாதம் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது என்று காட்டும். அந்த எண்களைச் சொல்லுங்கள்.

நிழல் | காலை 10:20
எல்லாரும் அப்டேட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தங்கை சொன்னது யாருக்கும் காதில் விழவில்லையா? விண்டோஸ் 11இல் ரீகால் என்று வைத்திருக்கிறார்கள். சில வினாடிக்கு ஒரு முறை திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும். டேட்டா எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்?

பழம்பெட்டி | காலை 10:27
ரீகால் எடுக்கும் படம் கணினிக்குள்ளேயேதான் இருக்கும். அதுவும் கோபைலட் பிளஸ் என்று விற்கப்படும் கணினிகளில் மட்டும். ஏஐ வேலைக்கென்றே தனி என்பியு சிப், குறைந்தது 16 ஜிபி ரேம் வேண்டும், நாமாகச் சம்மதித்தால்தான் ஓடும். அவர் 8 ஜிபி என்று ஏற்கெனவே எழுதிவிட்டார். படித்துவிட்டு பயமுறுத்துங்கள்.

நிழல் | காலை 10:31
இன்றைக்கு 16 ஜிபி, நாளைக்கு எல்லாருக்கும். 2017இல் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு விண்டோஸ் 10 அவர்கள் நாட்டுச் சட்டத்தை மீறுகிறது என்று சொன்னதை மறந்துவிட்டீர்களா?

கணியன் | காலை 10:45
மறக்கவில்லை நிழல். என்ன தகவல் எதற்காகப் போகிறது என்று தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் அங்கே இருந்த குறை. அப்போதிருந்த நிலைமைக்கு இப்போது அமைப்புகள் கொஞ்சம் தெளிவு.

சாரல், தங்கை சொன்னதில் பாதி உண்மை. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக். ரெக்வயர்டு, ஆப்ஷனல் என்று இரண்டு வகைத் தகவல் போகும். ரெக்வயர்டு என்பதை ஹோமில் அணைக்க முடியாது, என்ன கணினி, அப்டேட் சரியாக ஏறியதா என்ற மாதிரி விஷயங்கள். ஆப்ஷனலை அணைத்துவிடுங்கள். எட்ஜில் எந்தத் தளம் பார்க்கிறீர்கள், எந்த ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதெல்லாம் அதில்தான் போகும். இம்ப்ரூவ் இன்கிங் அண்ட் டைப்பிங் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும், அதையும் ஆஃப் செய்தால் டைப்பிங் கதை முடிந்தது. டெய்லர்டு எக்ஸ்பீரியன்ஸும் வேண்டாம். ஜெனரல் பக்கத்தில் அட்வர்டைசிங் ஐடி, அதுவும் ஆஃப். இதனால் எதுவும் கெட்டுப்போகாது. கேமரா, மைக்கை மட்டும் மொத்தமாக அணைத்துவிடாதீர்கள், வகுப்பில் உங்கள் முகமும் குரலும் வராது.

உண்மையிலேயே என்ன போகிறது என்று பார்க்க வேண்டுமானால் அங்கேயே டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர் இருக்கிறது. அது ஹார்ட் டிஸ்கில் 1 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும், ஆர்வம் இருந்தால் மட்டும்.

சிவகாசி ராக்கெட் | காலை 11:02
எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மைக்ரோசாஃப்ட் முகவரிகளை எல்லாம் பிளாக் செய்தால் ஒரே அடி.

பழம்பெட்டி | காலை 11:05
2020லிருந்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரே அதை ஆபத்து என்று சிவப்புக் கொடி காட்டி ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பழையபடி ஆக்கிவிடும். ஒரே அடி திரும்பி வரும்.

தட்டச்சுத் தாத்தா | காலை 11:18
டைப்பிங் தகவல் போகிறது என்று பயம் இருப்பவர்கள் முதலில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைக்கும் இந்த ஃபோனடிக்கை விடுங்கள். தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறுங்கள். விண்டோஸிலேயே இருக்கிறது.

கணியன் | காலை 11:22
ஐயா, விசைப்பலகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எதில் அடித்தாலும் அந்த சுவிட்ச் ஒன்றுதான்.

மின்னல் | காலை 11:30
ஐயா எந்த இழைக்குப் போனாலும் தமிழ் 99ஐக் கொண்டுவந்து விடுவார். ஆங்கிலம் அடிக்கத் தெரிந்தவனுக்கு ஃபோனடிக்தான் எளிது. புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தட்டச்சுத் தாத்தா | காலை 11:41
அம்மா என்று அடிக்கத் தமிழ் 99இல் அ, ம, ம, ஆ என நான்கு தட்டல். முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். உங்கள் முறையில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து. நாள் முழுக்க அடிப்பவனுக்கு அந்த ஒன்று பெரிது தம்பி. 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டில் வல்லுநர்கள் உட்கார்ந்து பேசி வந்த முடிவு அது.

யாழ்மைந்தன் | பிற்பகல் 12:10
எங்கட பக்கம் ரெங்கநாதன் விசைப்பலகைதான் அண்ணை. பாமினி எழுத்துருவில் பழகின கைக்கு தமிழ் 99 வருவதே இல்லை. பள்ளிக்கூடத்தில் என்ன படித்தோமோ அதுதான் கடைசி வரை.

மின்னல் | பிற்பகல் 12:14
அதைத்தானே நானும் சொல்கிறேன். பழகினது எதுவோ அது.

பெங்குயின் பாண்டி | பிற்பகல் 12:20
லினக்ஸில் இது எல்லாமே இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில், சென்னையில் உருவான பாஸ் (BOSS) லினக்ஸ் கூட உண்டு. அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் அதையும் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

பழம்பெட்டி | பிற்பகல் 12:22
கொடுத்தார்கள். எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்தார்கள்?

மட்டுறுத்துநர் | பிற்பகல் 12:35
விசைப்பலகைச் சண்டைக்கும் லினக்ஸ் சண்டைக்கும் தனித்தனி இழைகள் இருக்கின்றன. அங்கே போய்த் தொடருங்கள்.

சாரல் | பிற்பகல் 1:05
அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மீட்டர்டு சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. ஆக்டிவிட்டி மானிட்டரில் மைக்ரோசாஃப்டிலிருந்து 9 ஜிபி சொச்சம் காட்டுகிறது, ஏறியது ஒன்றுமில்லை. ஐந்து வாரம் பாஸ் போட்டுவிட்டேன். ஆனால் வைஃபையில் மீட்டர்டு போட்டது போட்டபடிதான் இருக்கிறது, அப்படியும் எப்படி 9 ஜிபி போனது? பாஸ் முடிந்தால் திரும்ப இதே கதைதானே.

மதுரை வேலு | பிற்பகல் 1:09
வைரஸாக இருக்கும். கொண்டுவந்து காட்டுங்கள்.

மொட்டைமாடி | பிற்பகல் 1:26
ஒரு கேள்வி. போன் நெட்டைத்தானே லேப்டாப்பில் எடுக்கிறீர்கள்? வைஃபை ஹாட்ஸ்பாட் வழியாகவா, கேபிள் மாட்டியா?

சாரல் | பிற்பகல் 1:30
கேபிள்தான். இங்கே கரண்ட் அடிக்கடி போகும். கேபிளில் மாட்டினால் போனுக்கு சார்ஜும் ஏறும். ஏன், அதற்கும் இதற்கும் என்ன?

மொட்டைமாடி | பிற்பகல் 1:41
அதுதான் விஷயமே. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் எடுத்தால் விண்டோஸ் அதை வைஃபையாகப் பார்க்காது, ஈதர்நெட்டாக, அதாவது கம்பி இணைப்பாகப் பார்க்கும். மீட்டர்டு என்பது ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. நீங்கள் வைஃபையில் போட்டது வைஃபைக்கு மட்டும். ஈதர்நெட்டை அளவில்லாத பிராட்பேண்ட் என்று எடுத்துக்கொண்டு அது இஷ்டத்துக்கு இறக்கிவிட்டது.

போனை மாட்டி, அதன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கை ஆன் செய்துவிட்டு, செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட். அங்கே மீட்டர்டு கனெக்ஷன் இருக்கும், ஆன் செய்யுங்கள். ஒன்டிரைவ் வைத்திருந்தால் அதுவும் மீட்டர்டில் தானாக நின்றுகொள்ளும்.

பழம்பெட்டி | பிற்பகல் 1:44
முதல் பதிவிலேயே கேபிள் என்று எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

கணியன் | பிற்பகல் 1:50
நாம் யாரும் கேட்கவும் இல்லையே பழம்பெட்டி. மொட்டைமாடி, சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

மொட்டைமாடி | பிற்பகல் 1:58
இன்னொன்று. சில போன்கள் ஒவ்வொரு முறை டெதரிங் போடும்போதும் புது முகவரியோடு வரும். விண்டோஸ் அதை நெட்வொர்க் 2, நெட்வொர்க் 3 என்று புதிதாக எண்ணும். அப்போது மீட்டர்டு மறுபடி ஆஃபில் இருக்கும். நாளைக்குக் கேபிளைக் கழற்றி மாட்டியதும் முதலில் அதைப் பாருங்கள்.

சிவகாசி ராக்கெட் | பிற்பகல் 2:03
அதற்கு விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிஃபால்ட்மீடியாகாஸ்ட் என்ற இடத்தில் ஈதர்நெட்டின் 1ஐ 2 ஆக்கினால் எல்லா ஈதர்நெட்டும் நிரந்தரமாக மீட்டர்டு.

கணியன் | பிற்பகல் 2:10
இந்த முறை ராக்கெட் சொல்வது சரி. ஆனால் அந்தக் கீயை மாற்ற முதலில் அதன் உரிமையை டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் உள் கணக்கிடமிருந்து எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். சார்ஜ் முக்கியம் என்றால் கேபிளைச் சார்ஜுக்கு மட்டும் மாட்டிவிட்டு நெட்டை வைஃபை ஹாட்ஸ்பாட்டில் எடுங்கள் சாரல். அங்கே ஏற்கெனவே மீட்டர்டு போட்டிருக்கிறீர்கள்.

சாரல் | புதன், இரவு 9:12
ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிட்டேன். இன்று டேட்டா மிஞ்சியிருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

கணியன் | புதன், இரவு 9:40
நல்லது. ஆனால் 23எச்2இலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது. அளவில்லாத வைஃபை இருக்கும் வீட்டுக்கு என்றைக்காவது போகும்போது சார்ஜரோடு லேப்டாப்பையும் எடுத்துப்போய், பாஸை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் ஏற்றிவிடுங்கள். அதன் பிறகு மாதாந்திர அப்டேட் மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் வெளியாகும், நமக்கு அது இரவாகிவிடும். அந்த வாரக் கடைசியில் வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி | வியாழன், காலை 7:15
சாரல், கேபிளில் போட்டுப் பார்த்தீர்களா? நெட்வொர்க் எண் மாறுகிறதா என்று தெரிந்தால் மற்றவர்களுக்கும் உதவும்.

பெங்குயின் பாண்டி | வியாழன், காலை 11:50
அவர் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.