வில்லியம் ஆங்கிலப் பெயரா?

சுவடிப்புழு:
‘ஆங்கில ஆண் பெயர்களும் பொருளும்’ என்று சுற்றுகிற பட்டியல்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஜான், தாமஸ், ஜார்ஜ், கெவின், வில்லியம், ராபர்ட், ஹென்றி என எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. ஜான் எபிரேயம், தாமஸ் அரமேயம். ஜார்ஜ் கிரேக்கம், உழவன் என்று பொருள். கெவின் ஐரிஷ். வில்லியம், ராபர்ட், ஹென்றி மூன்றும் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்களால், அதாவது பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த பிரெஞ்சு பேசியவர்களால், பரவியவை. நெஞ்சில் கைவைத்து ஆங்கிலம் என்று சொல்ல எட்வர்ட், எட்மண்ட், ஆல்ஃபிரட், எட்வின், எட்கர், ஹெரால்ட் என்று சில பெயர்கள்தாம் தேறும். மற்றவை இரவல். மறுப்பவர்கள் வரலாம்.

வடகரை:
வந்துவிட்டேன். ஒரே வீட்டில் தொள்ளாயிரம் ஆண்டுகளாகக் குடியிருப்பவரை இன்னும் வாடகைக்காரர் என்கிறீர்களே! நார்மானியர் கொண்டுவந்தது ராபர்ட் என்ற ஒரு பெயரை. இங்கிலாந்துக் கிராமத்தார் அதை ராப், ஹாப், டாப் என்று தங்கள் வாய்க்கு ஏற்ப உடைத்தார்கள். அவற்றிலிருந்து ராப்சன், ஹாப்சன், டாப்சன் என்ற குடும்பப் பெயர்கள் கிளம்பின. ரிச்சர்ட் ஒருபக்கம் டிக் ஆகி டிக்சனைத் தந்தது, இன்னொரு பக்கம் ஹிக் ஆகி ஹிக்சைத் தந்தது. ரோஜர் ஹாட்ஜ் ஆனது, அதிலிருந்து ஹாட்ஜ்சன். இந்த வேலையை எந்த பிரெஞ்சுப் பிரபுவும் செய்யவில்லை, கலப்பை பிடித்தவர்கள் செய்தார்கள். இதற்குப் பிறகும் இரவல் என்றால், ஆங்கில மொழியில் பாதிச் சொற்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சுவடிப்புழு:
கலப்பை பிடித்தவர்கள் ஏன் அந்தப் பெயரை எடுத்தார்கள் என்பதைத் தாண்டிப் போகிறீர்கள். தோற்றவனின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க யாருக்கு மனம் வரும்? ஆண்டையின் மகன் வில்லியம் என்றால், சில தலைமுறைகளில் அடிமையின் மகனும் வில்லியம். 1171 கிறிஸ்துமசின்போது நார்மண்டியில் நடந்த விருந்து ஒன்றில், வில்லியம் என்ற பெயர் இல்லாதவர்களை விளையாட்டாக அறையை விட்டு வெளியேற்றினார்களாம். உள்ளே எஞ்சிய வீரர்கள் நூறு பேருக்கு மேல் என்று அக்கால வரலாற்றேடு சொல்கிறது. அந்த மோகம் கடலைத் தாண்டி இறங்கியபோது லியோஃப்ரிக், வுல்ஃப்ஸ்டன், எதெல்ரெட் போன்ற பழைய ஆங்கிலப் பெயர்கள் துடைத்தெறியப்பட்டன. எட்வர்ட் பிழைத்ததுகூடத் தற்செயல்தான். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு, நார்மானியருக்கு முந்தைய மன்னரான புனித எட்வர்ட் மீது அளவற்ற பக்தி. 1239இல் பிறந்த மகனுக்கு எட்வர்ட் என்றும், அடுத்த மகனுக்கு எட்மண்ட் என்றும் வைத்தார். இல்லாவிட்டால் அவையும் போயிருக்கும்.

வடகரை:
உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். நீங்கள் ‘அசல்’ என்று கொண்டாடும் எட்வர்டைக் காப்பாற்றியது பிரெஞ்சு பேசிய அரசவை! சரி, வேருக்கே வருவோம். நார்மானியருக்கு முன்பே அங்கிருந்த ஆங்கிலோ-சாக்சன்களும் வடகடலைத் தாண்டி வந்தேறியவர்கள்தாமே? அவர்களுடைய எட்வர்டும் நார்மானியருடைய வில்லியமும் ஜெர்மானிய மொழிக் குடும்பத்துப் பங்காளிகள். ஒரு பங்காளி ஐந்தாம் நூற்றாண்டில் வந்தார், மற்றவர் பிரான்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு பதினொன்றாம் நூற்றாண்டில் வந்தார். அவ்வளவுதான்.

செங்கழுநீர்:
பூர்வீகத்தை வைத்து இருவரும் மல்லுக்கட்டுங்கள். என்னை உறுத்துவது பட்டியலில் உள்ள ‘பொருள்’தான். வில்லியம் என்றால் ‘உறுதிமிக்க காவலன்’ என்று போட்டிருக்கிறார்கள். முதல் பாதிக்கு விருப்பம் அல்லது மனத்திண்மை என்று பொருள், பின்பாதிக்குத் தலைக்கவசம் என்று பொருள். இரண்டையும் ஒட்டி வீரவசனம் ஆக்கியது பட்டியல்காரர்களின் கைவண்ணம். அந்தக் காலத்தவர் அப்படிச் சேர்த்துப் பொருள் பார்த்ததாகத் தெரியவில்லை. வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் வுல்ஃப்கிஃபு, தந்தை எதெல்ஸ்டன். தாயின் முன்பாதியையும் தந்தையின் பின்பாதியையும் சேர்த்துப் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். பட்டியல் பாணியில் சொன்னால் ‘ஓநாய்க் கல்’! அரச குடும்பத்திலும் இதே கதைதான். எதெல்வுல்ஃப் மன்னரின் பிள்ளைகள் எதெல்பால்ட், எதெல்பெர்ட், எதெல்ரெட், கடைசியாக ஆல்ஃபிரட். முன்பாதி குடும்ப அடையாளம், பின்பாதி ஆளைப் பிரித்துச் சொல்வதற்கு. அகராதி அங்கே வேலை செய்யவில்லை, உறவு வேலை செய்தது.

நெல்லைச்சீமை:
செங்கழுநீர் அம்மா, பொருளே பார்க்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் பொருளுக்காகவே பெயர் வைத்தார்கள். ‘கடவுளைத் துதி’ என்பதையே முதல் பெயராகக் கொண்ட பெர்போன் என்ற தோல் வணிகர் ஒருவர் இருந்தார். 1653இல் கூடிய நாடாளுமன்றத்துக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் பட்டப்பெயர் வைத்தார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்களும் பொருளை விடவில்லை. யோவான் என்பதில் கடவுளின் அருள் இருக்கிறது, அவர் இங்கே அருளப்பர். பவுல் என்பது லத்தீனில் சிறியவர், அவர் சின்னப்பர். இங்கிலாந்துக்காரர் ஜான் என்றும் பால் என்றும் ஒலியை எடுத்துக்கொண்டார், நம்மவர் பொருளை எடுத்துக்கொண்டார்.

செங்கழுநீர்:
பியூரிட்டன்களின் அந்த விளையாட்டு நீடிக்கவில்லையே ஐயா. மற்ற பெற்றோர் பொருள் பார்த்திருந்தால் கேமரன் என்று எவர் வைப்பார்? ஸ்காட்லாந்துக் குலப்பெயரான அதற்குக் கேலிக் மொழியில் வளைந்த மூக்கு என்று பொருள் சொல்கிறார்கள். கிளாடுக்கு வேரான லத்தீன் சொல்லுக்கு நொண்டி என்று பொருள். கால்வினின் வேர் வழுக்கை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு இது பொருந்தும் என்று வேண்டுமானால் சொல்லலாம்!

சுவடிப்புழு:
இது கிளைக்கதை. வடகரையாரிடம் நேரடியாக ஒரு கேள்வி. 2023இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர் முகம்மது, அடுத்தது நோவா. உங்கள் கணக்குப்படி இரண்டும் ஆங்கிலப் பெயர்களா?

வடகரை:
நோவா ஆகிவிட்டது, விவிலியம் வழியாக. முகம்மது ஆகிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஜான் இருந்த இடத்தில் அது இன்று இருக்கிறது. இதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. இப்போது என் முறை. உங்கள் ‘அசல்’ வரிசையில் ஹெரால்டைச் சேர்த்திருக்கிறீர்கள். 1066இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் நார்மானியரை எதிர்த்து மாண்ட மன்னர். அவருடைய தாய் கீதா டென்மார்க்குக்காரர். அண்ணன் தம்பிகள் ஸ்வெயின், டாஸ்டிக், கிர்த் எல்லாமே ஸ்காண்டிநேவியப் பெயர்கள், ஹெரால்டும் அந்த வரிசைதான். இங்கிலாந்துக்காக உயிர்விட்ட மன்னருக்கே தாய்வழி வந்த வெளிநாட்டுப் பெயர். அவரையும் இரவல் கணக்கில் எழுதிவிடலாமா?

சுவடிப்புழு:
ஹெரால்டுக்கு இணையான பழைய ஆங்கில வடிவமும் உண்டு, அதனால் வரிசையிலிருந்து எடுக்க மாட்டேன். அதே களத்தில் செத்த இன்னொரு தம்பியை விட்டுவிட்டீர்கள். அவர் பெயர் லியோஃப்வைன், ‘அன்புக்குரிய நண்பன்’, கலப்பில்லாத ஆங்கிலம். இன்று எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறது? லூயின் என்ற குடும்பப் பெயருக்குள் தேய்ந்து கிடக்கிறது. வில்லியமை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் உரிமை கொண்டாடுங்கள். எந்தப் பெயரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார் என்பதையும் பட்டியலில் ஒரு வரி எழுதட்டும், நான் சும்மா இருக்கிறேன்.

நெல்லைச்சீமை:
இவ்வளவு பேர் வந்த கதையில் ஹெரால்ட் சகோதரர்களுடைய அப்பாவை விட்டுவிட்டீர்களே. அவர் காட்வின், அதுவும் அசல் ஆங்கிலம். இங்கிலாந்தில் அரிதாகியிருக்கலாம். நாகர்கோவில் பக்கம் வந்து தெருவில் நின்று ‘காட்வின்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.