டர்போவா, சூப்பர்சார்ஜரா: ஈசூனிலிருந்து துவாஸுக்கு ஓட்டுபவருக்கு எது பொருந்தும்?

கேள்வி (ஈசூன்வாசி)

நண்பர்களுக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் நாள்தோறும் ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குச் சென்று வருகிறேன்; மாதம் ஒருமுறை குடும்பத்துடன் மலேசியாவின் குளுவாங்கிலுள்ள மாமனார் வீட்டுக்கும் போவதுண்டு. இப்போது இரண்டு கார்கள் என் கைக்கெட்டும் விலையில் வந்திருக்கின்றன. ஒன்று, 2008இல் பதிவாகி, வாகன உரிமைச் சான்றிதழ் 2028 வரை புதுப்பிக்கப்பட்ட, சூப்பர்சார்ஜர் உள்ள 1.8 லிட்டர் மெர்சிடிஸ் கொம்ப்ரசர். மற்றொன்று, ஐந்தாண்டுகள் ஓடிய 1 லிட்டர் டர்போ கார். முன்னது மிதித்த மாத்திரத்தில் இழுக்கிறது. பின்னது அரை நொடி தயங்கிவிட்டுப் பிறகு பாய்கிறது. இரண்டுமே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவிகள்தாம் என்றால், இந்த வேறுபாடு எதனால்? எனக்கு எது பொருந்தும்?

பதில் 1 (காக்கி புக்கிட் பட்டறைக்காரர்)

வணக்கம் ஐயா. காற்றை அழுத்துவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேறுபாடு. சூப்பர்சார்ஜரை கிராங்க்ஷாஃப்டிலிருந்து, அதாவது எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டிலிருந்து, ஒரு பெல்ட் சுழற்றுகிறது. எஞ்சின் சுற்றும்போதே அதுவும் சுற்றுவதால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுழற்சிக்கு எஞ்சின் தன் உழைப்பிலிருந்தே ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். டர்போவைச் சுழற்றுவது, புகைக்குழாய் வழியே வெளியேறும் சூடான வாயு. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த வாயுவோடு வீணாகிறது. அதில் கொஞ்சத்தை டர்போ மீட்டுத் தருகிறது. வாயு வெளியேறுவதற்குச் சற்றுத் தடை ஏற்படுவதால் இதை முற்றிலும் இலவசம் என்று சொல்ல முடியாது. டர்போவினுள் இருக்கும் சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டும் அளவுக்கு வாயு வந்து சேரும்வரை ஆகும் நேரம்தான், நீங்கள் உணர்ந்த அந்த அரை நொடி.

நீங்கள் பெரும்பாலும் விரைவுச்சாலையில் சீராக ஓட்டுபவர் என்பதால் டர்போவையே பரிந்துரைக்கிறேன். நம் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. பத்து ஆண்டுகளைக் கடந்த காருக்கு அந்த வரி ஆண்டுதோறும் 10 விழுக்காடு கூடி, 50 விழுக்காடு வரை செல்லும். 2008ஆம் ஆண்டுக் கார் அந்த உச்சத்தை ஏற்கெனவே எட்டிவிட்டது.

ஆயினும் எண்ணெய் மாற்றிய பதிவேட்டைப் பார்க்காமல் எந்த டர்போ காரையும் வாங்காதீர்கள். கழற்றிய டர்போவின் அச்சை நான் இரு விரல்களால் பிடித்து அசைத்துப் பார்ப்பேன். நல்ல டர்போவில் நூலளவு அசைவுதான் இருக்கும். இதழ்களின் நுனி உறையில் உரசிப் பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருந்தால், அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்படாமல், வெப்பத்தில் கருகிக் கரியாகி, அச்சுக்குப் போகும் மெல்லிய வழியை அடைத்துவிடுவதே நான் அதிகம் கண்ட காரணம்.

பதில் 2 (கப்பல் பொறியாளர்)

அண்ணன் சொன்ன அந்தத் தயக்கம் கப்பல்களிலும் உண்டு. பெரிய இரண்டு வீச்சு டீசல் எஞ்சின்களில் சுமை குறைவாக இருக்கும்போது, டர்போவால் மட்டும் போதுமான காற்றைத் தர முடியாது. அதனால் துறைமுகத்தை விட்டு மெதுவாக நகரும் நேரத்தில் மின்சாரத்தால் இயங்கும் துணை ஊதிகள் ஓடிக்கொண்டிருக்கும்; சுமை ஏறியதும் அவை நின்றுவிடும், பிறகு டர்போவே முழுப் பொறுப்பையும் ஏற்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905இலேயே டர்போ அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களில் அதைப் பொருத்தியபோது, எஞ்சினின் திறன் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500ஆக உயர்ந்தது. வீணாகும் வாயுவிலிருந்து இவ்வளவு கிடைப்பதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

பதில் 3 (தெம்பனிஸ்)

இரண்டையும் ஒரே எஞ்சினில் இணைத்ததும் உண்டு. 2005இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடியின் 1.4 லிட்டர் எஞ்சினில் தொடக்க வேகத்துக்கு சூப்பர்சார்ஜரும், அதற்குமேல் டர்போவும் வேலை செய்தன. 170 குதிரைத்திறன் கிடைத்தது. பாகங்கள் கூடினால் பராமரிப்பும் கூடும் என்பதால் பழைய காராக வாங்க நான் துணிய மாட்டேன்.

ஈசூன்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. டர்போ காரின் எண்ணெய்ப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: குளுவாங்கிலிருந்து திரும்பியதும், எஞ்சினை நிறுத்தாமல் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும் என்கிறார்களே, அது தேவையா?

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்

வேகமாக ஓட்டி வந்து உடனே நிறுத்தினால்தான் அது தேவை. இக்காலத்து டர்போக்கள் பலவற்றில் நீர்க் குளிர்ச்சியும் உண்டு. விரைவுச்சாலையை விட்டிறங்கி, சமிக்ஞை விளக்குகளில் நின்று நின்று வந்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாக ஐந்தாம் மாடிக்கு ஏறுவதற்குள் டர்போ போதிய அளவு ஆறியிருக்கும்.